ஜிபிஎஸ் இல்லாமல் பறக்கும் குட்டி ட்ரோன் குழம்பினால்: அறிகுறி வாரியாக எங்கே தேடுவது

எங்கள் பட்டறை மேசைக்கு வரும் ட்ரோன்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தோடு வரும்: "அண்ணா, அல்காரிதம்ல ஏதோ பிரச்சினை." வாங்கித் திருப்பிப் பார்த்தால், கீழே பார்க்கும் சென்சாரின் லென்ஸில் கடையில் ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் படலம் இன்னும் உரிக்கப்படாமல் இருக்கும். ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே இதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது இரண்டு கிலோவுக்குள் உள்ள நான்கு மோட்டார் ட்ரோன். பிக்ஸ்ஹாக் வகை ஃப்ளைட் கன்ட்ரோலர் (மோட்டார்களை ஆளும் போர்டு), அதில் ஓடும் மென்பொருள் ஆர்டுபைலட். கீழ்நோக்கி ஓர் ஆப்டிகல் ஃப்ளோ சென்சார் (தரை நகர்வதைப் பார்த்து ட்ரோனின் நகர்வை அறிவது), உயரம் அளக்க ஒரு குட்டி லேசர். முன்னால் ஒரு கேமரா, அதன் படங்களைப் பார்த்து இடத்தைக் கணிக்க ராஸ்பெரி பை, ஜெட்சன் போன்ற ஒரு குட்டிக் கணினி. ஆர்டுபைலட்டுக்குப் பதில் பிஎக்ஸ்4 வைத்திருப்பவர்களுக்குப் பராமீட்டர் (அமைப்பு எண்) பெயர்கள் மாறும், தேடும் வரிசை மாறாது.

## எதற்கும் முன்னால் இரண்டு சோதனை

ஆல்ட் ஹோல்ட். உயரத்தை மட்டும் தானே பிடித்துக்கொள்ளும் இந்த மோடில் கேமராவுக்கு வேலையே இல்லை. இங்கேயும் நடுங்கினாலோ துள்ளினாலோ கேமரா பக்கமே போகாதீர்கள். ப்ராப் (சுழலும் இறக்கை), மோட்டார் திருகு, ஃப்ரேம் விரிசல், பிஐடி (ட்ரோன் எவ்வளவு வேகமாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்ற அமைப்பு) என்று அந்தப் பக்கம் தேடுங்கள். காற்றில் மெல்ல நகர்வது மட்டும் இந்த மோடில் இயல்பு.

கை நடை. ப்ராப் நான்கையும் கழற்றுங்கள். பேட்டரி போட்டு, லேப்டாப்பில் கிரவுண்ட் ஸ்டேஷன் மென்பொருளைத் திறந்து, ட்ரோனை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு இரண்டு மீட்டர் முன்னால் நடங்கள், இரண்டு மீட்டர் வலப்பக்கம், பிறகு கிளம்பிய இடத்துக்கே திரும்புங்கள். நடக்கும்போது ஃப்ளோ சென்சாரின் மூல எண்களையும், கேமரா கணித்துத் தரும் இடத்தையும் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு மீட்டர் நடந்தால் இரண்டு மீட்டர் காட்டுகிறதா, திசை சரியா, திரும்பி வந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிறதா? கீழே வரும் கோளாறுகளில் பலவற்றை இந்த நடையிலேயே பிடித்துவிடலாம், ஒரு ப்ராப்கூட உடையாமல்.

ப்ராப்பைக் கழற்றச் சோம்பல்பட்டவரின் விரலில் மூன்று தையல் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 1: நின்ற இடத்தில் நிற்காமல் ஒரு பக்கமாக நழுவுகிறது

அதிகம் வருவது இதுதான்.

### எல்லா இடத்திலும் நழுவுகிறதா, சில தரைகளில் மட்டுமா?

சில தரைகளில் மட்டும் என்றால் கோளாறு தரையில். பளபளக்கும் வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் இந்தச் சென்சார்களுக்குப் பரம எதிரி. பிடித்துக்கொள்ளப் புள்ளி இல்லை, இருப்பதும் டியூப் லைட்டின் பிரதிபலிப்பு, அதுவோ ட்ரோனோடு சேர்ந்தே நகரும். பழைய மொசைக் தரை இருந்தால் அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். மொசைக்கில் கெட்டியாக நின்று டைல்ஸில் ஓடினால் விடை கிடைத்துவிட்டது. மொசைக் இல்லையா? பழைய செய்தித்தாள்களை விரித்து, விளிம்பெல்லாம் செல்லோடேப் ஒட்டுங்கள். ஒட்டாமல் விட்டால் ப்ராப் காற்றில் காகிதம் பறந்து, தரையே நகர்வதாக ட்ரோன் நினைத்துக்கொள்ளும்.

ஒரு மாணவி தரை முழுக்கக் கோலம் போட்டு வைத்தார். யோசனை பிரமாதம். கிளம்பிய முதல் வினாடியில் கோலமாவு மொத்தமும் ஹாலெங்கும் பறந்தது. மோட்டார் பேரிங்கிலிருந்து மாவை எடுக்க ஒரு மாலை போயிற்று. சாக்பீஸால் கிறுக்கினால் போதும்.

இன்னொருவர் ஜமுக்காளம் விரித்தார். குறுக்கே நகராமல் நின்றது, நீளவாக்கில் மட்டும் நழுவியது. ஒரே திசையில் ஓடும் பட்டைகள் அந்தத் திசையில் நகர்வதைக் காட்டிக் கொடுக்காது. கட்டம் போட்ட போர்வையும் ஆபத்துதான், ஒரு கட்டம் அடுத்த கட்டம் மாதிரியே இருப்பதால். ஒழுங்கில்லாத கிறுக்கல்தான் நல்லது.

இது கற்றுக்குட்டிகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் செவ்வாயில் 2024 ஜனவரி 18 அன்று தன் 72ஆவது பறப்போடு முடிந்துபோனதற்கும் மூலம் இதுவே. கீழே அடையாளம் ஏதுமில்லாத மணல் அலைகள். பிடித்துக்கொள்ளப் புள்ளி கிடைக்காமல் தன் வேகத்தைத் தப்பாகக் கணித்து, பக்கவாட்டு வேகத்தோடு தரையைத் தொட்டது, இறக்கைகள் உடைந்தன.

எல்லாத் தரையிலும் என்றால் இந்த வரிசையில்:

லென்ஸ் படலம், தூசி, கைரேகை. கண்ணாடி துடைக்கும் துணி போதும்.

வெளிச்சம். பிஎம்டபிள்யூ3901 ஃப்ளோ சென்சார் சில்லுக்குக் குறைந்தது 60 லக்ஸ் வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஒற்றை டியூப் லைட் உள்ள அறையின் மூலையில் அது கிடைக்காது. போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுத் தரையில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் 20-க்கும் 200-க்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

உயரம் அளக்கும் லேசர். பலர் கோட்டைவிடும் இடம். ஃப்ளோ சென்சார் அறிவது கோணத்தை மட்டும். உயரத்தால் பெருக்கினால்தான் வேகம். ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்போது லேசர் அரை மீட்டர் என்று சொன்னால், ட்ரோன் தன் வேகத்தைப் பாதியாகக் கணக்கிடும். ஸ்கேலை வைத்து 50 செ.மீ., 1 மீ., 1.5 மீ. என மூன்று உயரத்தில் எண்ணைச் சரிபாருங்கள். விஎல்53எல்1எக்ஸ் போன்ற சின்னச் சென்சார்கள் நிழலில் 4 மீட்டர் வரை பார்க்கும். மொட்டை மாடி வெயிலில் அதெல்லாம் கனவு.

அளவுத் திருத்தம். ட்ரோனைக் கையில் பிடித்து, நகர்த்தாமல் முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் சாய்த்து ஆட்டுங்கள். லாக்கில் (ட்ரோன் சேமிக்கும் பறப்புப் பதிவில்) ஃப்ளோ காட்டும் கோண வேகமும் ஜைரோ (சுழற்சியை அளக்கும் சென்சார்) காட்டும் கோண வேகமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். ஒரே வடிவம், கோட்டின் உயரம் மட்டும் வேறு என்றால் ஃப்ளோ ஸ்கேல் பராமீட்டரை மாற்றுங்கள். வடிவமே சிதறியிருந்தால் ஃபோகஸ் போயிருக்கிறது, அல்லது சென்சார் போயிருக்கிறது. இந்தச் சென்சாரைப் பழுது பார்க்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

### கை நடையில் நடந்தாலும் கேமரா கணிக்கும் இடம் நகரவே இல்லையா?

டி435ஐ போன்ற ஸ்டீரியோ கேமராவின் அகச்சிவப்புப் படங்களை வைத்து இடம் கணிப்பவர்களுக்கு மட்டும் இது. ஆழம் அளப்பதற்காக அந்தக் கேமரா சுவரில் புள்ளிகளை வீசும். கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். அந்தப் புள்ளிகள் கேமராவோடு சேர்ந்தே நகர்வதால், வெறும் சுவர் முன்னால் "நான் அசையவே இல்லை" என்ற முடிவுக்கு மென்பொருள் வந்துவிடும். புள்ளி வீசும் எமிட்டரை அணையுங்கள். ஆழமும் வேண்டும் என்றால் ஒரு படம் விட்டு ஒரு படம் எரியவிடும் அமைப்பைப் பயன்படுத்தி, அணைந்திருக்கும் படங்களை மட்டும் இடக் கணிப்புக்குக் கொடுங்கள்.

## அறிகுறி 2: வட்டம் போட்டு, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது

சுருள் சுருளாக வெளியே போகும். உடனே ஸ்டேபிலைஸுக்கு (சாய்வை மட்டும் தானே சமன்செய்யும் மோடு) மாற்றி இறக்குங்கள், தானாகச் சரியாகாது.

### வெளியே ஜிபிஎஸ் மோடிலும் வட்டம் போடுகிறதா?

ஆமாம் என்றால் காம்பஸ். பேட்டரி வயர் காம்பஸுக்குப் பக்கத்தில் ஓடுகிறதா, அதன் அருகில் இரும்புத் திருகு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கட்டிடத்துக்குள் கான்கிரீட் கம்பிகள் நடுவே கேலிப்ரேஷன் செய்திருந்தால் திறந்தவெளியில் மறுபடி செய்யுங்கள்.

### கேமரா மோடில் மட்டும் வட்டமா?

அப்படியானால் திசை அச்சுகள் குழம்பியிருக்கின்றன. ராஸ் (கணினியில் ஓடும் ரோபோ மென்பொருள்) பக்கத்தில் முன்னால், இடப்பக்கம், மேலே ஆகியவை நேர்மறை. ஃப்ளைட் கன்ட்ரோலர் பக்கத்தில் முன்னால், வலப்பக்கம், கீழே. இரண்டையும் இணைக்கும் மாவ்ராஸ் இதைத் தானே மாற்றிக் கொடுக்கும். அதற்கு மேல் நீங்களும் ஒருமுறை மாற்றினால் திரும்பவும் தப்பு. கை நடையில் வலப்பக்கம் போகும்போது ஃப்ளைட் கன்ட்ரோலரில் இரண்டாவது எண் கூட வேண்டும். (மூக்கின் திசையைப் பூஜ்யமாக வைத்துத் தொடங்கினால்தான் இந்தச் சோதனை செல்லும்.)

ஃப்ளோ சென்சாரைத் திருப்பி மாட்டியிருந்தால் ஃப்ளோ ஓரியண்ட் யா பராமீட்டரைப் பாருங்கள். அது டிகிரியில் இல்லை, டிகிரியின் நூறில் ஒரு பங்கில். 90 டிகிரிக்கு 9000 போட வேண்டும். 90 என்று போட்டுவிட்டு இரண்டு நாள் நிரலைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு குழு எனக்குத் தெரியும். அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.

## அறிகுறி 3: முன்னும் பின்னும் ஊசலாடி, ஆட்டம் கூடிக்கொண்டே போகிறது

இங்கேதான் பலரும் பிஐடியைக் குறைக்கத் தொடங்குவார்கள். குறைத்தால் ஆட்டம் மெதுவாகும். நோய் அப்படியே இருக்கும். ஆல்ட் ஹோல்டில் கெட்டியாக இருந்து, கேமரா மோடில் மட்டும் ஆடினால், கேமரா சொல்லும் செய்தி தாமதமாக வருகிறது என்று பொருள். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 0.2 வினாடித் தாமதம் என்றால், ட்ரோன் 20 செ.மீ. பழைய இடத்தை இப்போதைய இடம் என்று நம்பித் திருத்துகிறது. திருத்தம் தப்பான நேரத்தில் விழுவதால் ஊஞ்சலைத் தள்ளிவிடுவது போல ஆகிறது.

அளப்பது எப்படி: ப்ராப் இல்லாமல் ட்ரோனைக் கையில் பிடித்து, வெடுக் வெடுக்கென்று இடமும் வலமும் திருப்புங்கள், பத்துப் பன்னிரண்டு தடவை. லாக்கில் ஜைரோவின் திரும்பும் வேகத்தையும், கேமரா கணித்த திசையிலிருந்து வரும் வேகத்தையும் ஒரே கிராஃபில் போடுங்கள். இரண்டின் உச்சிகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் தாமதம்.

எப்போதும் ஒரே அளவு தள்ளி இருக்கிறதா? அந்த மில்லிவினாடியை விசோ டிலே பராமீட்டரில் போடுங்கள். தானாக இருக்கும் மதிப்பு 10. ராஸ்பெரி பையில் உண்மை அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். 250-க்கு மேல் போட முடியாது, போட வேண்டிய நிலை வந்தால் கணினி போதவில்லை என்று அர்த்தம்.

ஒருமுறை 40, ஒருமுறை 180 என்று மாறுகிறதா? பராமீட்டரால் ஆகாது. முதலில் உங்கள் நிரலைப் பாருங்கள்: நேரமுத்திரையை எப்போது குத்துகிறீர்கள்? படம் வந்ததும் குத்த வேண்டும், கணக்கெல்லாம் முடித்து அனுப்பும்போது அல்ல. அடுத்தது, ஓப்பன்சிவி என்ற பட நிரலகத்தில் படங்கள் வரிசையில் தேங்குவது. உங்கள் நிரல் மெதுவாக இருந்தால் அது வாங்கிக்கொள்வது நாலு படம் முந்தைய பழசு. வரிசையை ஒன்றாகக் குறையுங்கள், அல்லது தனி த்ரெட்டில் படங்களை வாங்கி கடைசிப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துப் பாருங்கள், யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள்.

இன்ஜெனுவிட்டிக்கு இதுவும் நடந்தது. 2021 மே 22, ஆறாவது பறப்பு. கிளம்பி 54 வினாடி வாக்கில் கேமராவிலிருந்து ஒரே ஒரு படம் தவறியது. அதற்குப் பின் வந்த படங்கள் எல்லாம் தப்பான நேரமுத்திரையோடு வந்தன. வண்டி 20 டிகிரிக்கு மேல் சாய்ந்து சாய்ந்து ஆடியது. ஆனாலும் குறித்த இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது. தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவை நம்புவதில்லை என்று முன்கூட்டியே வடிவமைத்திருந்தது கைகொடுத்தது. இதை நீங்களும் திருடிக்கொள்ளலாம்: கடைசிச் சாண் உயரத்தில் கேமராவை விட்டுவிட்டு நேராக இறங்கச் சொல்லுங்கள். அங்கே தன் நிழலும் தூசியும் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: இத்தனைக்குப் பிறகும் தாமதம் தாவிக்கொண்டே இருந்தால். கேமராவின் ட்ரிக்கர் வயரை ஃப்ளைட் கன்ட்ரோலரோடு இணைத்து இரண்டுக்கும் ஒரே கடிகாரம் கொடுக்க வேண்டிவரும். சால்டரிங்கும் ஃபர்ம்வேரும் தெரிந்தவர் வேலை அது.

## அறிகுறி 4: கையில் பிடித்தால் அருமை, மோட்டார் ஓடியதும் தடம் தொலைகிறது

முதலில் ப்ராப் ஓடும்போது பதிவான வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

படம் ஜெல்லி மாதிரி நெளிகிறதா? அதிர்வும் ரோலிங் ஷட்டரும் சேர்ந்த கோளாறு. ஐஎம்எக்ஸ்219 உள்ள சாதாரண பை கேமரா படத்தை வரி வரியாக எடுக்கும். ப்ராப் பேலன்ஸ் செய்யுங்கள், ஓரம் சிதைந்த ப்ராப்பைத் தூக்கி எறியுங்கள். ஆர்டுபைலட் லாக்கில் அதிர்வு 30-க்குள் இருந்தால் நல்லது, 60-ஐத் தாண்டினால் கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ட்ரோன் குழம்பும். கிளிப்பிங் (அதிர்வு சென்சாரின் எல்லையைத் தாண்டுவது) எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் கேமரா வாங்குங்கள்; ஓவி9281 சில்லு உள்ள கறுப்பு வெள்ளைக் கேமரா இந்த வேலைக்குப் போதும். கலர் எதற்கும் தேவையில்லை.

படம் மங்கலாக இழுபடுகிறதா? எக்ஸ்போஷர் நீளம். 640 பிக்சல் அகலப் படத்தில், சாதாரண லென்ஸோடு, வினாடிக்கு 57 டிகிரி திரும்பும்போது 10 மில்லிவினாடி திறந்திருந்தால் ஏறக்குறைய 4 பிக்சல் இழுபடும். குறைத்தால் வேறு தொல்லை: நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுங்கும், 10 மில்லிவினாடிக்குக் குறைவாக வைத்தால் படத்தில் பட்டைகள் ஓடும். பகலில் ஜன்னல் ஓரம் சோதித்துப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பிரச்சினை விளக்கில்தான்.

பறக்கப் பறக்க ஃபோகஸ் மாறுகிறதா? எம்12 லென்ஸ் திருகு அதிர்வில் கழன்றுகொண்டிருக்கிறது. ஃபோகஸ் வைத்து, லாக் வளையத்தை இறுக்கி, ஒரு சொட்டு நெயில் பாலிஷ். பிறகு கேலிப்ரேஷனை மறுபடி செய்தே ஆக வேண்டும்.

படம் தெளிவு, ஆனாலும் தொலைகிறதா? கேமராவை ரப்பர் டாம்பரில் தொங்கவிட்டிருக்கிறீர்களா? வீடியோ எடுக்க அது சரி. கேமராவும் ஐஎம்யூவும் (அசைவை அளக்கும் சென்சார்) சேர்ந்து இடம் கணிக்கும் முறைக்கு அது விஷம். இரண்டும் ஒரே தகட்டில் கெட்டியாக இருக்க வேண்டும். டாம்பர் வேண்டுமானால் தகட்டோடு சேர்த்து இரண்டையும் தொங்கவிடுங்கள். மாற்றியபின் கலிப்ர் போன்ற கருவியால் கேமரா-ஐஎம்யூ கேலிப்ரேஷன். மூன்று தடவை செய்தும் பிழை ஒரு பிக்சலுக்குக் கீழே வரவில்லை என்றால் கேமராவுக்குக் காட்டும் கட்டப் பலகை வளைந்திருக்கிறதா பாருங்கள். ஏ3 தாளை அட்டையில் ஒட்டினால் மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும். கண்ணாடி மேலோ அலுமினியத் தகட்டிலோ ஒட்டுங்கள்.

## அறிகுறி 5: நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஒரே தாவு

பழைய இடத்துக்குத் திரும்பி வரும்போது தாவினால், வரைபடம் போட்டுக்கொண்டே இடம் கணிக்கும் ஸ்லாம் மென்பொருள் தன் வரைபடத்தைத் திருத்திக்கொள்கிறது. "அட, இந்த இடம் முன்பே பார்த்ததாச்சே" என்று அது அரை மீட்டர் திருத்த, ட்ரோன் அந்த அரை மீட்டரை உண்மையான நகர்வு என்று நம்பிப் பாய்கிறது. திருத்தாத, தொடர்ச்சியான கணிப்பைக் கன்ட்ரோலருக்கும், திருத்திய வரைபடத்தைப் பாதை போடுவதற்கும் பிரித்துக் கொடுங்கள்.

ஒரே மாதிரி ஜன்னல் கிரில், பெஞ்சு வரிசை முன்னால் தாவினால் ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட்டது. சுவரில் இரண்டு காலண்டரை மாட்டுங்கள்.

தரையில் வைத்த மார்க்கர் (அச்சிட்ட கறுப்பு வெள்ளைக் கட்டக் குறி) பார்த்து இறங்கும்போது தாவினால் முதலில் ஸ்கேல் எடுத்து மார்க்கரை அளங்கள். பிரின்டர் "தாளுக்கு ஏற்ப" சுருக்கிவிடும். 20 செ.மீ. என்று நிரலில் போட்டு, தாளில் 18.6 இருந்தால், 2 மீட்டர் உயரத்தை 2.15 என்று கணிக்கும். சுற்றிலும் வெள்ளை விளிம்பு விட்டிருக்கிறீர்களா? லேமினேஷன் போட்டீர்களா? பளபளப்பில் பாதிக் கட்டம் காணாமல் போகும். இதெல்லாம் சரியாக இருந்தும், தொலைவில் இருக்கும் சின்ன மார்க்கரின் சாய்வு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று புரண்டால், அது ஒற்றை மார்க்கரின் பிறவிக் குணம். நாலு மார்க்கரை ஒரே பலகையில் அச்சிட்டுச் சேர்த்துக் கணியுங்கள்.

## அறிகுறி 6: முதல் சில நிமிடம் சரி, பிறகு கிறுக்குப் பிடிக்கிறது

சூடு அல்லது கரண்ட். ராஸ்பெரி பையில் விசிஜென்சிஎம்டி கட்டளையில் கெட் த்ராட்டில்டு கேளுங்கள், இறக்கிய உடனே, அணைக்காமல். பூஜ்யம் தவிர எது வந்தாலும் பை எங்கோ தன்னைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 80 டிகிரி செல்சியஸில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். பைக்குத் தனியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் பெக் (மின்னழுத்தம் குறைக்கும் போர்டு) கொடுங்கள், ஃப்ளைட் கன்ட்ரோலரின் பவர் மாட்யூலிலிருந்து இழுக்காதீர்கள். ஹீட் சிங்க் ஒட்டி, ப்ராப் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். மெமரி கார்டு நிரம்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பேட்டரி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். அதைப் பறக்கவிடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். வாங்கிய கடையிலோ மின்கழிவு எடுப்பவரிடமோ ஒப்படையுங்கள்.

## அறிகுறி 7: இருக்கும் தடையைக் காணவில்லை, இல்லாததைக் காண்கிறது

கண்ணாடிக் கதவு, நிலைக்கண்ணாடி: எந்த விலைக் கேமராவாலும் ஆகாது, துணி தொங்கவிடுங்கள். துணிக்கொடிக் கம்பி: படுக்கைவாட்டில் மாட்டிய ஸ்டீரியோ கேமராவுக்குப் படுக்கைக் கம்பியின் தூரம் தெரியாது, இரண்டு கண்ணிலும் ஒரே கோடாகத் தெரிவதால். கேமராவை ஒரு 15 டிகிரி சாய்த்து மாட்டினால் பிடிக்க ஆரம்பிக்கும். இல்லாத தடை தெரிந்தால், படத்தின் மேல் மூலையில் சொந்த ப்ராப் விழுகிறதா பாருங்கள்.

## அறிகுறி 8: ஆர்மே ஆகவில்லை (மோட்டாரை ஓட்டவே மறுக்கிறது)

திரையில் வரும் செய்தியை முழுதாகப் படியுங்கள், பலர் படிப்பதில்லை. இடம் தெரியவில்லை என்றால், ஜிபிஎஸ் இல்லாத இடத்தில் இகேஎஃப் ஆரிஜினை (இடக் கணக்கின் தொடக்கப் புள்ளி) மேப்பில் நீங்கள்தான் வைக்க வேண்டும். கேமரா கணிப்பு வரவில்லை என்றால், அனுப்பும் வயரான டிஎக்ஸும் வாங்கும் வயரான ஆர்எக்ஸும் குறுக்காக இணைந்திருக்கிறதா, இரு பக்கமும் பாட் ரேட் ஒன்றா, பையின் சீரியல் போர்ட்டில் லாகின் கன்சோல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்து எழுந்த ட்ரோனில் இரண்டு ஜைரோவும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்ற செய்தி, கேலிப்ரேஷனுக்குப் பின்னும் வந்தால், போர்டு அடிபட்டிருக்கிறது. சில்லை மாற்ற முயலாமல் போர்டை மாற்றுங்கள்.

## பழுது பார்ப்பவரிடம் அனுப்பும்போது

ட்ரோனோடு கோளாறு நடந்த பறப்பின் லாக், முழுப் பராமீட்டர் கோப்பு, போனில் எடுத்த வீடியோ மூன்றும் வேண்டும். வீடியோவில் கிளம்பியதிலிருந்து விழுந்தது வரை இருக்கட்டும். விழுந்த பிறகு எடுத்த போட்டோவால் பயனில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்து அனுப்பாதீர்கள், தடயம் எல்லாம் போய்விடும். ப்ராப் கழற்றித் தனிப் பையில். லிப்போ பேட்டரியை அனுப்ப வேண்டாம், கூரியரில் வாங்க மாட்டார்கள்.